தண்ணீர் பொது, கரை பட்டா

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"வணக்கம் ஐயா. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். ஆறு வருஷமாக அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசனுக்கு வடகிழக்கே இருக்கிறேன். ஹெச்-1பி விசா. கூட வேலை செய்யும் உள்ளூர் நண்பர் அக்டோபர் வந்தால் ராக் ஆற்றில் தட்டைப் படகில் வாத்து வேட்டைக்குப் போவார். போன வருஷம் என்னையும் கூட்டிப்போனார். பாலத்தடியில் படகை இறக்கி, ஒரு வளைவில் நாணலுக்குள் ஒதுங்கி நின்றோம். விடிந்து அரை மணி நேரத்தில் கரையிலிருந்து ஒருவர் வந்தார். 'இது என் நிலம், ஆற்றடியும் என் பேரில்தான் இருக்கிறது, கிளம்புங்கள், இல்லையென்றால் ஷெரிஃபைக் கூப்பிடுவேன்' என்று கத்தினார். 'ஆறு எல்லோருக்கும் பொது' என்று நண்பரும் பதிலுக்குக் கத்தினார். அதற்குள் நண்பர் சுட்ட ஒரு மல்லார்ட் வாத்து அவருடைய புல்வெளியில் போய் விழுந்திருந்தது. எடுக்க விடவில்லை, விட்டுவிட்டு வந்தோம்.

இந்த வருஷமும் கூப்பிடுகிறார். நானே உரிமம் எடுத்துப் போகலாமா என்று ஆசையாக இருக்கிறது. அன்றைக்கு யார் சொன்னது சரி? விழுந்த பறவையை எடுக்கப் போகலாமா? என் விசாவுக்கு ஏதாவது வில்லங்கம் வருமா? அம்மாவிடம் போனில் சொன்னபோது, 'வேட்டங்குடிப் பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாத சீமையில பொறந்துட்டு, அங்க போயி சுடுறியாப்பா?' என்று கேட்டார். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்."

அன்புள்ள தம்பிக்கு,

விசா கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆற்றங்கரைத் தகராறில் தோற்றால் உங்களுக்குப் போவது கொஞ்சம் பணம். விசா விஷயத்தில் சறுக்கினால் இந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும்.

யார் யார் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஹெச்-1பியும் அதில் அடக்கம். 'வைத்திருப்பது' என்றால் கடையில் வாங்கி வீட்டில் பூட்டி வைப்பது மட்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நண்பருடைய துப்பாக்கியைப் படகில் ஐந்து நிமிடம் கையில் வாங்கினாலும் அது வைத்திருப்பதுதான். தோட்டாவுக்கும் அதே சட்டம். கோட்டுப் பையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு அதே பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பேரில் இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை அந்த உரிமம் வாத்து சுடுவதற்கான அனுமதி மட்டும் அல்ல. துப்பாக்கியைத் தொடுவதற்கே அதுதான் அனுமதி. முதலில் உரிமம், பிறகு துப்பாக்கி. இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றாதீர்கள். விஸ்கான்சினில் வாத்தும் அடங்கிய சிறு வேட்டை உரிமம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. மார்ச் 31 தாண்டிய பிறகு கார் டிக்கியில் மறந்துபோன தோட்டாப் பெட்டி கிடந்தால் அதுவும் உங்களுக்குத்தான் ஆபத்து. பருவம் முடிந்ததும் மிச்சத் தோட்டாக்களை நண்பரிடமே கொடுத்துவிடுங்கள். கடையில் சொந்தத் துப்பாக்கி வாங்கப் போனால் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். குடியுரிமை, விசா பற்றிய கேள்விகள் அதில் உண்டு. ஒரு கட்டத்தைத் தெரிந்தே தவறாக நிரப்பினாலும் அது தனிக் குற்றம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்த இங்கே குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் அது விடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் போன வருஷத்தைப் பற்றி இன்னொரு வரி இருந்தது. மேலே உள்ள சுருக்கத்தில் அதை நான் சேர்க்கவில்லை. எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள ரகசியக் காப்பு, கேள்வி–பதில் பகுதிக்கு எழுதும் கடிதத்துக்குக் கிடையாது. ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரில் உட்கார்ந்து அதைச் சொல்லுங்கள். வாட்ஸாப் குழுவில் நண்பர்களோடு அலச வேண்டாம்.

உரிமத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இந்த மாநிலத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். வகுப்புக்குப் போங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்றாலும், துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, படகில் ஏறும்போது யார் கையில் எது இருக்க வேண்டும் என்பதெல்லாம் நண்பரிடம் அரைகுறையாகக் கற்பதைவிட அங்கே கற்பது நல்லது.

இனி ஆற்றுக்கு வருவோம்.

நம் ஊரில் ஆறு என்றால் புறம்போக்கு. பட்டா கரையோடு நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கே வருகிறவர்கள், ஒருவர் 'ஆற்றடி என் பேரில் இருக்கிறது' என்றால் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. விஸ்கான்சினில் இயற்கையான ஏரியின் அடிநிலம் மாநிலத்துக்குச் சொந்தம். ஆற்றின் அடிநிலம் கரைக்காரருக்குச் சொந்தம். இரண்டு கரையும் ஒருவருடையது என்றால் முழு அடியும் அவருடையது. எதிர்க்கரை வேறொருவருடையது என்றால் ஆளுக்குப் பாதி. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலக நில வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மனையின் கோடு கரையில் நிற்காமல் நடு ஆறு வரை போகும். அந்த மனிதர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மனசாரத்தான் கத்தியிருக்கிறார்.

ஆனால் அடிநிலம் அவருடையது என்பதால் மேலே ஓடும் தண்ணீர் அவருடையது ஆகிவிடாது. வயல் வரப்பில் ஊருக்கு வழிப்பாத்தியம் இருந்தால் பட்டாக்காரர் வேலி போட்டு மறிக்க முடியாதல்லவா? இங்கே ஆற்றுத் தண்ணீர் முழுவதுக்கும் அப்படியொரு பாத்தியம் இருக்கிறது. அது இந்த மாநிலத்தைவிட மூத்தது. 1787இல் வடமேற்குப் பிரதேசத்துக்குப் போட்ட கட்டளைச் சட்டம், மிசிசிப்பிக்கும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கும் போய்ச் சேரும், படகு செல்லத்தக்க நீர்கள் எல்லாம் என்றென்றும் கட்டணமில்லாத பொதுவழி என்றது. 1848இல் விஸ்கான்சின் மாநிலமானபோது அதே சொற்களைத் தன் அரசியலமைப்பின் 9ஆம் பகுதியில் வைத்துக்கொண்டது. ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் படகைத் தோளில் தூக்கிச் செல்லும் தரைவழிகளையும் அந்த வாசகம் பொதுவில் சேர்த்தது. மாடிசனுக்கு வடக்கே போர்ட்டேஜ் என்ற ஊருக்குப் பெயர் வந்தது அப்படிப்பட்ட ஒரு தரைவழியால்தான். நீங்கள் படகு விட்ட ராக் ஆறு ஹொரிகன் சதுப்பு வழியாக வந்து, இல்லினாய்க்குள் போய் மிசிசிப்பியில் சேர்கிறது. அதுவும் அந்தப் பொதுவழிகளில் ஒன்று.

எது 'படகு செல்லத்தக்க' நீர் என்ற கேள்வி பெரிய கப்பலைப் பற்றியது அல்ல. 1877இல் இந்த மாநில உச்ச நீதிமன்றம் மரக்கட்டை மிதந்து போனால் போதும் என்றது. அன்றைக்கு இங்கே மர வியாபாரம்தான் பிழைப்பு. 1952இல் நமேகாகன் ஆற்று அணை வழக்கில் அதையும் தாண்டி, பொழுதுபோக்குப் படகு போனாலே போதும் என்றது. ஆண்டுதோறும் ஏதோ ஒரு காலத்திலாவது சிறு படகோ கேனோவோ மிதந்தால் அது பொது நீர். ராக் ஆற்றைப் பற்றி இந்தச் சந்தேகமே எழாது.

சரி, படகில் போகலாம். படகிலிருந்து சுடலாமா? இதே கேள்வி, இதே ஆற்றில், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நீதிமன்றம் போனது. டயானா ஷூட்டிங் கிளப் என்ற வேட்டைச் சங்கம் ராக் ஆற்றோர நிலத்தை வைத்திருந்தது. ஹஸ்டிங் என்பவர் அந்த நிலத்தை ஒட்டிய நீரில் படகில் வாத்து வேட்டை ஆடினார். சங்கம் அத்துமீறல் வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 1914இல் ஹஸ்டிங் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படகு செல்லத்தக்க நீரில் வேட்டையாடுவது பொதுமக்கள் உரிமை. நீர் ஆழமா, ஆழமற்றதா, தெளிந்ததா, நாணல் மண்டியதா என்பது ஒரு பொருட்டல்ல என்றது. அதனால் நீங்கள் நாணலுக்குள் ஒதுங்கி நின்றதில் தவறில்லை. நடு நீரோட்டத்தில் மட்டும்தான் உரிமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே தீர்ப்பு உங்கள் நண்பர் கத்திய வாக்கியத்துக்கு ஓர் எல்லையும் போட்டது. இந்த உரிமை நீருக்குள் மட்டும், வழக்கமான உயர்நீர்க் குறிக்குள் மட்டும். உயர்நீர்க் குறி என்றால் என்ன என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது: தண்ணீர் தொடர்ந்து வந்துபோய், மண்ணை அரித்தோ, தரைச் செடிகளை முளைக்க விடாமலோ, கண்ணுக்குத் தெரியும்படி கரையில் விட்டுச்செல்லும் தடம். கரையில் போய் நின்றால் இது புத்தகத்தில் இருப்பதைவிட எளிது. வெள்ளி மேப்பிள் மரத்தின் அடியில் ஓர் உயரம் வரை பட்டை சாம்பல் பூத்து, சேறு ஒட்டி, பாசி படிந்திருக்கும். அதற்கு மேலே பட்டை சுத்தமாக இருக்கும். கரைச் சரிவில் வேர்கள் கழுவப்பட்டுத் தொங்கும் இடம், அதற்கு ஒரு முழம் மேலே புல் தொடங்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ அந்தக் கோடு ஓடுகிறது.

இங்கேதான் ஒரு சூட்சுமம். சில ஆண்டுகளுக்கு முன்னால் என்னிடம் ஒருவர் வந்தார். உங்களைப் போலவே படகில் இருந்தவர், உங்களைப் போலவே கத்தப்பட்டவர். சட்டம் தெரிந்தவர், மேலே நான் சொன்ன தீர்ப்பைத் தாளில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் தோற்றது எதனால் தெரியுமா? அந்த அக்டோபரில் மழை குறைவு. ஆறு வற்றி, கரையோரம் பத்தடிக்குச் சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தது. உயர்நீர்க் குறிக்குக் கீழேதானே இருக்கிறது என்று படகின் மூக்கைத் திட்டில் ஏற்றிவிட்டு, காலை நீட்ட இறங்கி நடந்திருக்கிறார். ஏழெட்டுக் காலடி. நிலக்காரர் அந்தப் பூட்ஸ் தடத்தை, அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருந்தார். தண்ணீர் வடிந்து வெளியே தெரியும் ஆற்றுநிலம், உயர்நீர்க் குறிக்குக் கீழே இருந்தாலும், தண்ணீர் இல்லாத நேரத்தில் கரைக்காரருடையது. மாநில சட்டசபை ஒரு காலத்தில் அந்தத் திட்டுகளை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டே ஆண்டில், 2001இல், திரும்பவும் மூடிவிட்டது. விழுந்த மரம், அணை மாதிரித் தடை வந்தால் அதைச் சுற்றிக் கடக்க மட்டும் திட்டில் இறங்கலாம். மற்ற நேரமெல்லாம் இங்குள்ள படகோட்டிகள் சொல்லும் ஒரே விதிதான்: கால் நனைந்தே இருக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கலாம், நடக்கலாம், பறவைகளை ஈர்க்கும் பொம்மை வாத்துகளை மிதக்கவிடலாம், படகை நங்கூரம் போட்டு நிறுத்தலாம். காய்ந்த மண்ணில் குதிகால் பட்டால் அத்துமீறல். அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அபராதம் ஆயிரம் டாலர் வரை போகலாம்.

ஆக, அன்று காலையில் நீங்கள் நின்ற இடம் சரி. நிலக்காரர் ஆற்றடியைப் பற்றிச் சொன்னதும் சரி; உங்களைக் கிளம்பச் சொன்னது சரியில்லை. சட்டப்படி நடக்கும் வேட்டையை வேண்டுமென்றே குலைப்பதும் இந்த மாநிலத்தில் குற்றம்தான். ஆனாலும் கையில் துப்பாக்கியோடு இருப்பவர் கரையில் நிற்பவரோடு வாதம் செய்யவே கூடாது. எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், துப்பாக்கியில் உள்ள தோட்டாக்களை எடுத்துவிட்டு, மெதுவாகப் பேசி, படகை நகர்த்திக்கொண்டு போய்விட்டு, பிறகு வனவிலங்கு வார்டனைக் கூப்பிடுங்கள். நிலக்காரர் ஷெரிஃபைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். ஹெச்-1பிக்காரர் ஒருவர் துப்பாக்கியை அசைத்துப் பேசினார் என்று ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால், அதை மறுத்து நிரூபிக்க உங்களுக்கு ஆகும் செலவில் ஊருக்குப் பத்து முறை போய் வரலாம்.

தண்ணீரில் இருப்பதாலேயே மற்ற விதிகள் போய்விடாது. பிறர் நிலத்தில் மனிதர் வசிக்கும் கட்டடத்திலிருந்து 100 கஜத்துக்குள், அவர்களுடைய அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. ஆற்று வளைவுகளில்தான் வீடுகள் இருக்கும், மரங்களுக்குப் பின்னால், விடியற்காலை இருட்டில் தெரியாமல். அதனால் இதைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். நீங்கள் படகை இறக்கிய பாலத்தடியில், சாலையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடிக்குள் சுடக் கூடாது. சாலைக்குக் குறுக்காகவும் கூடாது. எஞ்சின் ஓடும் படகில் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. எஞ்சின் கொடுத்த வேகம் அடங்கி, படகு நின்ற பிறகுதான் சுடலாம் என்பது கூட்டாட்சி விதி. நீரோட்டத்தில் மிதப்பது வேறு, எஞ்சின் வேகத்தில் நகர்வது வேறு. மறைவில்லாத திறந்த நீர்ப்பரப்பில் நின்று சுடுவதற்கு இந்த மாநிலத்தில் தனிக் கட்டுப்பாடு உண்டு; பருவத்துக்கு முன் இயற்கை வளத்துறை வெளியிடும் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள், நண்பர் வாய்மொழி வேண்டாம். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வேண்டும். தோட்டாவுக்குள் ஈய ரவை (சிறு குண்டுகள்) கூடாது. 1991 பருவத்திலிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு எஃகு மாதிரி நஞ்சில்லாத ரவைதான். ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி. சட்டம் படகில் இருந்தால் போதும் என்கிறது. நான் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். அக்டோபர் கடைசியில் அந்தத் தண்ணீரில், கனமான உடுப்போடு விழுந்தவர் நீந்திக் கரையேறுவது கடினம்.

இந்தச் சட்டம் விஸ்கான்சினுக்கு மட்டும். மாநில எல்லை தாண்டினால் கதையே வேறு. மினசோட்டா நீதிமன்றம் 1893லேயே பொது நீரின் பயன்களை எண்ணிச் சொல்லும்போது படகு, மீன்பிடி, குளியல் இவற்றோடு பறவை வேட்டையையும் சேர்த்துக்கொண்டது. மிச்சிகன் அதற்கு நேர் எதிர். 1888இல் அங்கே வந்த தீர்ப்பின்படி, படகில் போகும் உரிமை வேறு, வேட்டை உரிமை வேறு. அடிநிலம் தனியாருடையது என்றால் அதன் மேலே வாத்து சுடும் உரிமையும் அவருடையது. ஆகவே மெனாமினி ஆற்றில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கற்ற பாடத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தெற்கே இல்லினாய் நீதிமன்றம் 2022இல் மாசான் என்ற சிற்றாற்று வழக்கில், கேயக் படகு மிதந்தாலும், வணிகப் போக்குவரத்துக்கு உதவாத ஆறு கரைக்காரருக்கே சொந்தம் என்றது. அந்த வழக்கைப் போட்டவர் அங்கே படகில் புதைபடிவங்கள் தேடப் போனவர், சுட அல்ல. நண்பர் 'வா, இல்லினாய் பக்கம் போவோம்' என்றால் அந்த மாநில வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

விழுந்த பறவைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

சுட்ட பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்தே ஆக வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்கிறது மாநிலச் சட்டம். அடிபட்ட பறவையை எடுக்க என்றாலும் விலக்கு இல்லை. பறவையை விட்டாலும் தவறு, எடுக்கப் போனாலும் தவறு என்ற இந்த இக்கட்டில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பறவை விழுந்த பிறகு இதற்கு ஒரே வழிதான் உண்டு: துப்பாக்கியைப் படகில் வைத்துவிட்டு, நிலக்காரரைக் கூப்பிட்டு, பணிவாகக் கேட்பது. மறுத்தால் வார்டனிடம் சொல்வது. பத்து நிமிடம் முன்னால் அவரிடம் கத்தியிருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சரியான விடை சுடுவதற்கு முன்னால் இருக்கிறது. பறவை வரும் திசை, காற்று, அதன் வேகம் மூன்றையும் பார்த்து, சுட்டால் எங்கே விழும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பறந்துகொண்டிருக்கும் மல்லார்ட் அடிபட்ட இடத்துக்கு நேர் கீழே விழாது. வந்த வேகத்திலேயே இன்னும் பல கஜம் போய் விழும். தண்ணீரில் விழும் என்றால் சுடுங்கள். கரையில் விழும் என்றால் விடுங்கள், எவ்வளவு தாழப் பறந்தாலும். நடு ஆற்றை நோக்கி வரும் பறவைக்காகப் படகைத் திருப்பி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் உரிமை தண்ணீரின் விளிம்பில் முடிகிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், பறவைக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் புல்வெளியில் கிடந்த மல்லார்ட் யாருக்கும் பயன்படாமல் போனது என்று படித்தபோது, ஆற்றடி யாருடையது என்ற கேள்வியைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அம்மாவின் கேள்வியும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் கலையக் கூடாது என்று தீபாவளி வெடியையே விட்டவர்கள். அந்தப் பக்கத்துத் தாய் அப்படித்தான் கேட்பார். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே ஏற்பாடு வேறு. 1918இல் வந்த இடம்பெயர் பறவைச் சட்டம் முதலில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, பிறகு பருவம், நேரம், எண்ணிக்கை என்று அளந்து விடுகிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னிருந்துதான் சுடலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆறு வாத்துதான், அதிலும் சில இனங்களுக்கு இன்னும் குறைவு. பதினாறு வயது நிரம்பிய வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கூட்டாட்சி வாத்து முத்திரை வாங்க வேண்டும். விலை 25 டாலர். 1934இல் தொடங்கிய அந்த முத்திரைப் பணத்தில் பெரும்பங்கு நீர்நிலைகளை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. ஊசிவால் வாத்து நம் ஊர்க் கண்மாய்க்கும் குளிர்காலத்தில் வருகிறது, ராக் ஆற்றின் மேலேயும் பறக்கிறது. அங்கே அதை ஊர்க்கட்டுப்பாடு காக்கிறது, இங்கே கணக்குக் காக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், துடுப்புப் போடவும் பொம்மை வாத்து மிதக்கவிடவும் மட்டும் நண்பரோடு போகலாம். நானும் அப்படிப் பல விடியற்காலைகள் போயிருக்கிறேன். துப்பாக்கியைத் தொடாமல் போனால் உங்கள் விசாவைப் பற்றி நான் மேலே எழுதிய நாலு பத்தியும் தேவைப்படாது. எது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

போவதானால், இந்த முறை அந்த நிலக்காரரை முன்கூட்டியே பாருங்கள். வேட்டை உடுப்பில் இல்லை, விடியற்காலையில் இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டு வாசலில், நீங்களும் நண்பரும் சாதாரணச் சட்டையில். 'போன வருஷம் கத்திக்கொண்டோம், அது சரியில்லை' என்று நண்பர் தொடங்கட்டும், கத்தியவர் அவர்தான். ஆற்றில் நிற்க அனுமதி கேட்காதீர்கள், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'தவறிப்போய்ப் பறவை உங்கள் பக்கம் விழுந்தால், துப்பாக்கி இல்லாமல் வந்து எடுத்துப் போகலாமா?' இவ்வளவு சின்னதாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. 'நீங்கள் வழுக்கி விழுந்து என் மேல் வழக்குப் போட்டால்?' என்று அவர் பயப்படுவார். இங்கே முக்கால்வாசி மறுப்புக்கு அந்தப் பயம்தான் காரணம். பொழுதுபோக்குக்காக நிலத்தில் வந்தவர் காயம்பட்டால் நிலக்காரர் பொறுப்பல்ல என்று விஸ்கான்சின் சட்டம் 895.52 அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவருடைய வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும். சம்மதித்தால் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு துண்டுச் சீட்டு வாங்கி, உரிமத்தோடு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்து, அடுத்த வளைவைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், ஆகஸ்டில் ஒரு நாள் துப்பாக்கி இல்லாமல் அந்தப் பாலத்தடியிலிருந்து படகை விடுங்கள். கவுண்டி வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் வீடு இருக்கிறது, 100 கஜம் எங்கே முடிகிறது, எந்தத் திட்டு வற்றினால் வெளியே வரும், எந்த மேப்பிள் மரத்தில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு கரையும் புதராக இருந்து, நடுவில் அகலமாக நீர் விரியும் ஓர் இடம் கண்ணில் படும். படகை அங்கே நிறுத்திப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்